ரீபிள் நுழையாத டிஷ்

அவர் சட்டைப் பையிலிருந்து காய்ந்துபோன பேனா ரீபிளை உருவி, கடையில் நிற்கும் டிவி டிஷ்ஷின் கம்பி வலையில் ஒரு துளைக்குள் குத்திப் பார்க்கிறார். நுழையவில்லை. சற்று நகர்ந்து இன்னொரு துளை. நுழையவில்லை. ஓரத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, வலையைச் சட்டத்தோடு முடுக்கிய இடத்தில் ஒன்று. கடைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்.

"என்ன டாக்டரய்யா, ஊசி போட்டு முடிச்சாச்சா?"

"உடம்பு நல்லாத்தான் இருக்கு. கால்தான் கோணல். வேற காட்டு."

தெருவில் பாதிப் பேருக்கு இவருடைய பெயர் தெரியாது. ரீபிள்காரர் என்றால் வீட்டைக் காட்டிவிடுவார்கள். பிழைப்பு வேறு. மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிறார். டிஷ் விற்பதில்லை, மாட்டிக் கொடுப்பதும் இல்லை. மாதச் சந்தா கட்டாமல், வானத்திலிருந்து இலவசமாக வருகிற சேனல்களைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு எதை வாங்குவது என்று சொல்கிறார். வாங்க வேண்டாம் என்று சொல்வதுதான் அதிகம்.

ஆலோசனை கேட்டு வருகிறவர் பெரும்பாலும் எல்லாம் வேண்டும் என்றுதான் ஆரம்பிப்பார். எல்லாச் செயற்கைக்கோளும், எல்லா அலைவரிசையும். இவர் லென்ஸைத் துடைத்துக்கொண்டே முழுக்கக் கேட்பார். பிறகு ஒரே கேள்வி. "எந்தச் சேனல் வரலேன்னா வீட்ல சண்டை வரும்?" வந்தவர் யோசிப்பார். நூற்றுக்கணக்கில் தொடங்கிய பட்டியல் இரண்டு மூன்றில் வந்து நிற்கும். தனக்கு வேண்டியது இவ்வளவுதானா என்ற ஏமாற்றம் சிலர் முகத்தில் தெரியும். அதற்கு அவர் பொறுப்பில்லை.

ரீபிள் விஷயத்துக்குக் காரணம் உண்டு. சேனல்கள் வானத்திலிருந்து சி பேண்ட், கேயூ பேண்ட் என்று இரண்டு வகை அலைகளில் வருகின்றன. கேட்டால் உள்ளங்கையை விரித்துக் காட்டுவார். "சி பேண்ட் அலை இவ்வளவு அகலம். இந்த வலை அதுக்குச் சுவர் மாதிரி. முட்டித் திரும்பிடும். கேயூ பேண்ட் இதுல மூணுல ஒரு பங்குதான். ஓட்டை கொஞ்சம் பெருசா இருந்தாப் போதும், சொல்லாமக் கொள்ளாம அந்தப் பக்கம் போயிடும்." சி பேண்டுக்குப் பெரிய டிஷ் வேண்டும், வலை போதும். கேயூவுக்குச் சிறிய தகர டிஷ்ஷே போதும். ஒரே டிஷ்ஷில் இரண்டும் வேண்டும் என்று ஆசைப்பட்டால் பெரியதாகவும் இருக்க வேண்டும், துளை ரீபிளை விடச் சிறியதாகவும் இருக்க வேண்டும். இதை அவர் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. எட்டு வருடத்துக்கு முன் ஒரு வலை டிஷ் வாங்கி ஏமாந்தபோது கையில் இருந்தது ஒரு ரீபிள். துளைக்குள் அது வழுக்கிக்கொண்டு போயிற்று. அன்றிலிருந்து அதுதான் அளவுகோல்.

அவரைக் கெட்டிக்காரர் என்று உடனே சொல்லிவிட முடியாது. ஊர்க் கண்ணுக்கெல்லாம் கண்ணாடி பொருத்துகிறவர், டிஷ் பார்க்கப் போகும்போது தன் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வார். குனிந்து நிமிர்கையில் வழுக்குகிறதாம். "கை பாத்துக்கும்" என்பார். கையை நம்புகிறவர் அவர்.

போன மழைக்காலம் முடிந்த சமயம் மகள் ஃபோன் செய்தாள். அவளுடைய மாமியார் அவர்களோடு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அந்த அம்மாள் கணவரின் வேலை காரணமாக இருபத்தாறு வருடம் வேறொரு நாட்டில் இருந்தவர். கணவர் போனபின் மகன் கையோடு அழைத்து வந்துவிட்டான்.

"அப்பா, அத்தை பேசுறதே இல்லப்பா. 'ம்', 'வேணாம்', 'போதும்'. இந்த மூணுதான். எம்மேல ஏதாவது கோவமோன்னு தினமும் யோசிக்கிறேன்."

"அங்க இருந்தப்போ டிவி பாப்பாங்களாம்மா?"

"செய்தி பாப்பாங்களாம். அந்த ஊர் பாஷையில."

அந்தச் சேனல் இலவசம்தான். ஆனால் சி பேண்ட். ஆறடிக்குக் குறைந்தால் படம் கட்டம் கட்டமாக உடையும். மருமகன் ஆசைப்பட்ட விளையாட்டுச் சேனலும் அதே செயற்கைக்கோளில் இருந்தது, கேயூ பேண்டில். வீட்டுக்காரரோ கறாராகச் சொல்லிவிட்டார்: "மொட்டை மாடி என்ன பாத்திரக் கடையா? ஒண்ணே ஒண்ணு வைங்க. ரெண்டாவதா ஒரு தட்டு ஏறிச்சுன்னா நானே இறக்கிடுவேன்."

ரீபிள்காரர் மூன்று கடை ஏறி இறங்கினார். ஒன்பது டிஷ்களைக் குத்திப் பார்த்தார். ஒன்பதாவதில் ரீபிள் எந்தத் துளையிலும் நுழையவில்லை. டிஷ்ஷுக்கு முன்னால் நின்று இரண்டு அலைவரிசையையும் ஒரே தலையில் வாங்குகிற எல்.என்.பி. ஒன்றையும் தேர்ந்தெடுத்தார். மருமகன் மாட்டினான். இவர் கீழே டிவிக்கு முன்னால் உட்கார்ந்து ஜன்னல் வழியாகக் குரல் கொடுத்தார். "இன்னும் கொஞ்சம் இடது. மூச்சு விடாதே மாப்ள... நில்லு!"

செய்தி வாசிக்கும் பெண் ஒருத்தி திரையில் தோன்றினாள். சம்பந்தியம்மாள் சமையலறை வாசலில் நின்று பார்த்தார். பிறகு மெதுவாக வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். கால் மணி நேரம் செய்தி ஓடியது.

"அந்தப் பொண்ணுக்குக் கண்ணாடி மூக்குல நிக்கவே மாட்டேங்குது" என்றார் அவர். "நாலு தடவ தள்ளி விட்டுட்டா. சம்பந்தி, அங்கெல்லாம் உங்களாட்டம் சரியா மாட்டிவிட ஆளில்ல போல."

மகள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். எட்டு மாதத்தில் அவள் கேட்ட முதல் முழு வாக்கியம் அது.

கேயூ சேனல் மட்டும் வரவில்லை. ரிசீவரில் இரண்டு கோடுகள் உண்டு, சிக்னலின் வலுவுக்கு ஒன்று, தரத்துக்கு ஒன்று. வலு எண்பது காட்டியது. தரம் பூஜ்யம். வலுவைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறவர்களைக் கண்டு இவர் சிரிப்பார்: "அது கேபிள்ல கரண்ட் ஓடுதுன்னு சொல்லுதுங்க. வானத்துலேருந்து என்ன வருதுன்னு தரம்தான் சொல்லும்." அன்று சிரிக்கவில்லை.

"நான்தான் கனெக்டரைச் சரியா முடுக்கல போல மாமா" என்றான் மருமகன்.

மறுநாள் அவன் கேபிளை மாற்றினான். அதற்கடுத்த நாள் எல்.என்.பி.யைக் கழற்றித் துடைத்து மாட்டினான். மகள் ஃபோனில் சொன்னாள்: "அப்பா, ரெண்டு நாளா மாடியிலயே கெடக்கிறாரு. வேற யாரையாவது கூப்பிட்டுக் காட்டலாமேன்னேன். 'மாமா பாத்துக் கொடுத்த டிஷ்ஷுல தப்பு இருக்காது, எங்கையிலதான் தப்பு'ங்கிறாரு."

நான்காம் நாள் கடையின் பின்னறையில், லென்ஸின் தடிமனை அளக்கும் காலிப்பரை மேசையில் வைக்கும்போது சட்டைப் பை கவிழ்ந்து ரீபிள் அதன் பக்கத்தில் விழுந்தது. மூக்கில் கண்ணாடி இருந்தது. ரீபிள் குண்டாகத் தெரிந்தது. காலிப்பரில் வைத்துப் பார்த்தார். ஆறு மில்லிமீட்டர். எட்டு வருடமாக அவர் பையில் இருந்தது மூன்று.

வீட்டுக்குப் போனதும் மனைவியைக் கேட்டார்.

"ஆமா, சட்டையோட சேத்துத் தொவச்சுட்டேன். வளைஞ்சு போச்சு. டிராயர்ல ஒண்ணு எழுதாமக் கெடந்துச்சு, எடுத்து வெச்சேன். ரீபிள்னா ரீபிள்தானே?"

உலகத்து டிஷ்களை எல்லாம் சந்தேகப்பட்டவர், சந்தேகப்படுகிற குச்சியை ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை.

மறுநாள் காலை கடைக்காரரிடம் போனார். நான்கடித் தகர டிஷ் ஒன்றுதான் மாற்றிக் கொடுக்க இருந்தது. அதை எடுத்தால் மருமகனின் ஆட்டம் பளிச்சென்று வரும். கண்ணாடி நழுவுகிற பெண் கட்டம் கட்டமாக உடைந்து போவாள். சம்பந்தியம்மாள் மறுபடியும் மூன்று சொல்லுக்குத் திரும்பிவிடுவார். கையை விரித்து, மடக்கி, விரித்து, "வேணாம்" என்று வந்துவிட்டார்.

அன்று அவர் வீட்டு ஜன்னல்களில் இருந்த அலுமினியக் கொசுவலை இறங்கியது.

"ரெண்டு ஜன்னலுமாங்க? கொசு அப்படியே தூக்கிட்டுப் போயிடும்!"

"நீ வெச்ச ரீபிள் வழியா வந்த கொசும்மா அது" என்றார். மனைவி ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

வலையைச் சுருக்கம் போகச் சமன்படுத்தி, மகள் வீட்டு மாடியில் டிஷ்ஷின் உட்பக்கம் முழுக்க விரித்து, மெல்லிய கம்பியால் ஒவ்வொரு சாணுக்கும் ஒரு முடிச்சாகக் கட்டினார். இந்தத் தடவை கண்ணாடி மூக்கில் இருந்தது. ஒவ்வொரு முடிச்சுக்கும் ஒரு தடவை வழுக்கியது, ஒவ்வொரு தடவையும் தள்ளிவிட்டுக்கொண்டார். எதற்கு இதெல்லாம் என்று மருமகன் இரண்டு முறை கேட்டான். "கட்டி முடிக்கட்டும் மாப்ள."

கீழே மகள் ரிசீவரைப் பார்த்துவிட்டுக் கத்தினாள். "அப்பா! தரம் நாப்பத்தஞ்சு! ஆட்டம் ஓடுது!" பின்னாலேயே மாமியாரின் குரல்: "எஞ்செய்திய மாத்தாதேடி, பாதியில இருக்கு!" "ரெண்டு நிமிஷம் அத்தை!" "உன் ரெண்டு நிமிஷம் எனக்குத் தெரியாதா!"

மருமகன் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை. பையிலிருந்து குண்டு ரீபிளை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தார்.

"உங்கையில தப்பு இல்ல. இதால அளந்தேன். ஓட்டை பெருசு, குச்சி அதவிடப் பெருசு. நாலு நாளா வீணா உன்ன மாடியில கெடக்க வெச்சுட்டேன்."

மருமகன் ரீபிளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு தன் பேனாவைத் திறந்து, உள்ளேயிருந்த மெல்லிய ரீபிளை உருவி நீட்டினான். "இத வெச்சுக்குங்க மாமா. இது சின்னதுதான்."

வாங்கிக்கொண்டார். நேராகப் பைக்குள் போடவில்லை. பையைத் துழாவிக் கடையிலிருந்து கொண்டு வந்திருந்த காலிப்பரை எடுத்தார். மூக்கில் இறங்கியிருந்த கண்ணாடியை மேலே தள்ளினார். மருமகன் கொடுத்த ரீபிளை அதன் இரு தாடைகளுக்கும் நடுவில் வைத்து, வெளிச்சம் விழும் பக்கமாகத் திரும்பி, எண்ணைப் படிக்க ஆரம்பித்தார்.