தண்ணீரில் நின்ற காரும் நான் திருப்பிய திறப்பும்

கல்யாண வீட்டுக்குப் போவதற்காக, மனைவியின் தம்பி வாடகைக்கு ஹயர் ஓடிப் பிழைக்கும் காரை இரவல் வாங்கினேன். "தண்ணிக்குள்ள நிண்டா திரும்ப ஸ்டார்ட் பண்ணாதீங்க மச்சான்" என்று சொல்லித்தான் கார்த் திறப்பைத் தந்தார்.

சாய்ந்தமருதில் வெள்ளம் தேங்கிய வீதியில் கார் நின்றுவிட்டது. "தம்பி சொன்னானே, இறங்கித் தள்ளுவம்" என்றாள் மனைவி. பள்ளிவாசலடியில் ஆட்கள் பார்த்துக்கொண்டு நின்றதால் எனக்கு வெட்கம். அவர்களில் ஒருவர், "பிஸ்மி சொல்லி இன்னொருக்கா அடிச்சுப் பாருங்க காக்கா" என்றார்.

பிஸ்மி சொல்லித் திருப்பினேன். டங்கென்று ஒரு சத்தம். உள்ளே புகுந்திருந்த தண்ணீரால் எஞ்சின் உடைந்துபோனது.

"அல்லாஹ்ட நாட்டம்" என்றார் மனைவியின் தம்பி. கார் போனதால் இன்று அவர் வேறொருவரின் வேனுக்குச் சாரதி. திருப்பியது என் கைதானே.

பிஸ்மியை இப்போது புறப்படும்போதே சொல்லிவிடுகிறேன். வாகனம் தண்ணீரில் நின்றால், திறப்பைக் கழற்றி மனைவியிடம் கொடுத்துவிட்டு இறங்கித் தள்ளுகிறேன்.