துணிக்குள்ளே நான்தான்

பினாங்குத் தீவில், டத்தோ கெராமட் சாலையில் நாங்கள் குடியிருந்த வீட்டின் முன்கூடத்தில் ஒரு பெரிய புகைப்படம் மாட்டியிருந்தது. ‘நாங்கள்’ என்று எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வருகிறது. பல்லெல்லாம் போன பிறகும் இந்த வாய்க்கொழுப்பு மட்டும் போகவில்லை. வீடு ஒரு கிராணியுடையது. துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் கணக்கெழுதுகிறவர். அதற்கு முன்னால் அக்கரையில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் வேலை பார்த்தவர். அந்தத் தோட்டத்தில்தான் என் அம்மாவும் அப்பாவும் ஒரே மழைக்காலத்தில் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார்கள். கிராணி பட்டணத்துக்கு மாறியபோது பெட்டி, படுக்கை, ஆட்டுக்கல்லோடு என்னையும் நீராவிப் படகில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

“யார் கேட்டாலும் இந்த வீட்டுப் பொண்ணுன்னு சொல்லணும், தெரியுதா?” என்று கிராணியின் மனைவி முதல் நாளே சொல்லிக்கொடுத்தார். அவரை நான் அம்மா என்றுதான் கூப்பிட்டேன். அவர் ஊருக்காகச் சொன்னதை நம்பியவள் அந்த வீட்டில் நான் ஒருத்திதான்.

நம்பினேன் என்றால் சாதாரணமாக நம்பவில்லை. எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு அடிச்சட்டியில் ஒட்டியிருப்பதை நீர் விட்டுக் கரைத்துக் குடிப்பேன். வீட்டுப் பெண்கள் கடைசியில்தான் சாப்பிடுவார்கள் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொள்வேன். அடுப்படியில் சாக்கின்மேல் படுப்பது குளிர் ஆகாத உடம்பு என்பதால். தலையை மொட்டையடித்தது வேண்டுதல் என்பதால். பேன் என்பதெல்லாம் மற்றவர்களுக்கு. கிராணிக்குக் கைக்குழந்தையாக ஒரு பையன் இருந்தான். அவன் அழும்போதெல்லாம் அம்மா அடுப்பில் காய்ந்த இரும்பு அகப்பையை எடுப்பார், அது எப்படியோ என் முழங்கைக்குக் கீழே வந்து பதியும். நான் துடுக்காக நடுவில் கையை நீட்டிவிடுகிறேன் என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன்.

தெருக்குழாயடியில் என் அலட்டலைப் பார்த்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டில் வேலை செய்த ஒரு பெண்ணும் அங்கே தண்ணீர் பிடிக்க வருவாள். அவளுக்கு மாதச் சம்பளம் உண்டு. தீபாவளிக்குத் தன் தாயைப் பார்க்க ஆயர் ஈத்தாம் போவாள். எனக்கு அவள்மேல் ஒரே இரக்கம்.

“பாவம், நீ கூலிக்காரி,” என்று மண்ணெண்ணெய்த் தகரத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே சொல்வேன். “எனக்குச் சம்பளமெல்லாம் கிடையாது. மகளுக்கு யாராவது சம்பளம் கொடுப்பாங்களா?”

அவள் என் தகரத்தின் அடியை ஒரு கையால் தாங்கி ஏற்றிவிடுவாள். வீட்டுப் பெண்ணுக்குத் தருகிற மரியாதை என்று நினைத்துக்கொள்வேன்.

பையனுக்குக் காது குத்திய மறுவாரம், குடும்பத்தோடு படம் எடுக்கப் பினாங்கு ரோட்டுக்குப் போனோம். என் முகத்தையும் கழுவச் சொன்னார்கள். அன்றைக்கு நான் தரையில் நடந்ததாகவே நினைவில்லை. உண்மையில் நடக்கவும் இல்லை, ஓடினேன். ரிக்‌ஷாவில் எனக்கு இடமில்லாததால் அதை இழுத்த சீனரும் நானும் சேர்ந்தே மூச்சிரைத்துப் போய்ச் சேர்ந்தோம்.

ஸ்டூடியோவில் பையன் அம்மா மடியில் உட்கார மறுத்து அலறினான். கிராணி தூக்கினார், இன்னும் அலறினான். என்னிடம் கொடுத்ததும் கப்சிப். படம் எடுக்கும் சீனர் பழக்கப்பட்டவர்போல என்னை ஒரு முக்காலியில் உட்காரவைத்தார். தலையிலிருந்து கால்வரை கறுப்பு வெல்வெட் துணியைப் போர்த்தி, என் மடியின்மேல் பையனை வைத்தார். ஒரு மடிப்புக்குள்ளிருந்து என் கை மட்டும் அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டது. இரண்டு பக்கமும் அம்மாவும் கிராணியும் நின்றார்கள்.

“ஜாங்ஙான் கெராக்!” என்று சீனர் கத்தினார். அசையக்கூடாது என்று எனக்குத் தெரியும். மூச்சைக்கூட அடக்கிக்கொண்டேன். ஆனால் படத்தில் அழகாக விழவேண்டுமே என்று அந்த இருட்டுக்குள் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

படம் சட்டம் போட்டு வந்தது. பையன் கறுப்புச் சிம்மாசனத்தில் ராஜாபோல் இருந்தான். அவன் இடுப்போரம், உற்றுப் பார்த்தால், என் விரல்கள் இரண்டு. அந்தக் கண்ணாடியை நான் துடைத்த துடைப்பில் அது தேயாமல் இருந்ததே அதிசயம். வீட்டில் யாரும் இல்லாத ஒரு மத்தியானம் குழாயடிப் பெண்ணைப் பெருமையோடு கூட்டிவந்து காட்டினேன்.

“நீ எங்கடி இருக்க?”

“அதோ, அந்த மடிப்பு இருக்கே, அதுதான் என் முட்டி. துணிக்குள்ளே நான்தான்.”

அவள் வெகுநேரம் பார்த்தாள். பிறகு மடியில் முடிந்துவைத்திருந்த ஆப்பத்தை எடுத்து முழுவதையும் எனக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். பொறாமையில் அவளுக்குப் பசியே போய்விட்டது என்று தீர்மானித்துச் சந்தோஷமாகச் சாப்பிட்டேன்.

கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கு அந்தக் காலத்தில் ஒரு மிஸ்ஸி வருவார். ஆஸ்பத்திரித் தாதியை அப்படித்தான் சொல்வோம். வெள்ளை உடுப்பு, கறுப்புக் குடை, நம்மவர்தான். அன்று பையனைப் பார்த்துவிட்டு நல்ல பிள்ளை, நல்ல எடை என்றார். நான் வளர்த்த பிள்ளை ஆயிற்றே என்று உள்ளுக்குள் பூரித்து, கை கழுவத் தண்ணீர் கொண்டுபோனேன். அவர் கையைக் கழுவாமல் என் கையைப் பார்த்தார்.

“இது யாரு?”

“எங்க வளர்ப்பு மகதான், மிஸ்ஸி. கண்ணுக்குள்ள வச்சுப் பார்த்துக்கிறோம். அடுப்புல வெளையாடிச் சுட்டுக்கிட்டா.”

மிஸ்ஸி நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். “குடும்பப் படமா? மக இதுல இல்லையே?”

“அன்னைக்கு அவளுக்குக் காய்ச்சல்,” என்றார் அம்மா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஓடிய ஓட்டம் என்ன, அடக்கிய மூச்சு என்ன, அம்மா எப்படி மறக்கலாம்? நான் இந்த வீட்டுப் பெண் என்பதற்கு இருக்கிற ஒரே சாட்சி அந்தப் படம். அது கையைவிட்டுப் போக விடுவேனா? நாற்காலிமேல் ஏறினேன்.

“நான் இருக்கேன் மிஸ்ஸி! மறந்துட்டாங்க. இதோ, துணிக்குள்ளே நான்தான். இது என் விரல், பாருங்க!” என்று என் விரலைப் படத்து விரலுக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினேன்.

மிஸ்ஸி வந்து பார்த்தார். என் விரலில் இருந்த சூட்டுத் தழும்பு, படத்து விரலிலும் வெள்ளையாக இருந்தது. என் கையைப் பிடித்தவர் விடவில்லை.

“சாப்பிட்டியாம்மா?”

“வீட்டுப் பொம்பளைங்க நாங்க கடைசியிலதான் சாப்பிடுவோம்,” என்றேன் மிடுக்காக. மணி நாலைத் தாண்டியிருந்தது.

மறுநாள் அவர் ஒரு போலீஸ்காரரோடு திரும்பி வந்தார். நான் கதவு நிலையைக் கட்டிக்கொண்டேன். இழுத்த மிஸ்ஸியின் மணிக்கட்டைக் கடித்தேன். “நான் இந்த வீட்டுப் பொண்ணு! அம்மா, சொல்லுங்கம்மா!” என்று தெருவே கூடும்படி கத்தினேன். தெருவும் கூடியது.

அம்மா சொன்னார். “கூட்டிட்டுப் போங்க. தோட்டத்துல கெடந்த சனியன். சோறு போட்டவங்க வயித்துல மண்ணப் போட்டிருச்சு.”

என் கை தானாகவே நிலையை விட்டுவிட்டது. சூடு வைத்தபோதுகூட நான் அப்படி அழுததில்லை. போகிற வழியெல்லாம் மிஸ்ஸியைத் திட்டினேன். நடுநடுவே, பையன் இனி யார் கையில் தூங்குவான் என்று கேட்டுக்கொண்டும் இருந்தேன்.

அவர் என்னைச் சேர்த்தது ஓர் அநாதைப் பெண்கள் இல்லத்தில். வேளைக்குச் சோறு கிடைத்தது. எல்லோரோடும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவது எனக்கு மரியாதைக் குறைவாகப்பட்டது. சில மாதம் கழித்து அங்கேயும் படம் எடுக்க ஆள் வந்தார். இந்த விஷயத்தில் அனுபவசாலி நான் ஒருத்திதானே? கொடியில் காய்ந்த போர்வையை உருவிக்கொண்டு, இல்லத்தை நடத்திய பெரியம்மாவின் நாற்காலிக்குப் பின்னால் போய்ப் போர்த்திக்கொண்டு தயாராக உட்கார்ந்தேன். அன்றைக்கு மிஸ்ஸியும் என்னைப் பார்க்க வந்திருந்தார். போர்வையை விலக்கியது அவர்தான். மணிக்கட்டில் என் பல் பட்ட இடம் இன்னும் தெரிந்தது.

“வெளிய வாம்மா. மூஞ்சி தெரியணும்.”

“அப்போ கொழந்தைய யாரு பிடிச்சுக்குவா?”

“கொழந்தை யாரும் இல்ல. நீ வந்து நின்னா போதும்.”

அந்தப் படம் இப்போதும் என்னிடம் இருக்கிறது. எல்லாப் பெண்களும் கையைத் தொங்கவிட்டு நிற்கிறார்கள். முன்வரிசையில் அரைகுறையாக முடி முளைத்த தலையோடு முறைத்துக்கொண்டு நிற்பவள் நான். என் இரண்டு கைகளும் இடுப்புக்கு முன்னால் எதையோ இறுகப் பிடித்திருக்கின்றன. அங்கே யாரும் இல்லை.