சூளை மூடுவதற்குள் அறுபது பச்சை யானைகள்

போன சனிக்கிழமை திட்டக்குடியிலிருந்து விருத்தாசலத்துக்கு அறுபது யானைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு போனோம். எல்லாம் உள்ளங்கையில் நிற்கிற பீங்கான் யானைகள், துதிக்கையைத் தூக்கிக்கொண்டிருப்பவை. ஆனால் இன்னும் சுடாதவை. சுடாத பொம்மையைப் பச்சைப் பொம்மை என்பார்கள். விரலால் கொஞ்சம் அழுத்தினாலே உடைந்துவிடும். பழைய காரில் உடையும் பொருளோடு கிளம்புகிறவர்களுக்கு உதவுமே என்றுதான் இதை எழுதுகிறேன். பன்னிரண்டாவது படிக்கிற பெண் இந்த ராத்திரி நேரத்தில் போனோடு இருப்பது அம்மாவுக்குத் தெரிந்தால் பரீட்சை முடியும்வரை போனைக் கண்ணால் பார்க்க முடியாது. போர்வைக்குள் இருந்து அடிக்கிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

யானைகள் என் சித்தி மலர் வார்த்தவை. விருத்தாசலத்தில் வாடகைக்கு இடம் கிடைக்காததால், அங்கிருந்து களிமண் கரைசல் வாங்கிவந்து திட்டக்குடி வீட்டிலேயே அச்சில் ஊற்றி எடுக்கிறார். சுடுவதற்கு மட்டும் அங்கே இருக்கும் பொதுச் சூளைக்குக் கொண்டுபோக வேண்டும். இதுவரை பிறருக்குத்தான் வார்த்துக் கொடுத்தார். புதுச்சேரிக் கடை ஒன்று அவர் பெயரிலேயே கேட்ட முதல் ஆர்டர் இதுதான். பொம்மைகளை அடுக்கிய டிராலியைச் சூளைக்குள் தள்ளிக் கதவை மூடுவது பகல் பன்னிரண்டு மணிக்கு. தவறினால் அடுத்த சூடு பத்து நாள் கழித்து. கடைக்காரர் அவ்வளவு நாள் காத்திருக்க மாட்டேன் என்று முன்பே சொல்லிவிட்டார்.

தூரம் ஏறக்குறைய முப்பத்திரண்டு கிலோமீட்டர், வழியில் பெண்ணாடம். ஒரு மணி நேரம் போதும். நாங்கள் எட்டரைக்கே கிளம்பினோம். சித்தப்பா ஓட்டினார், சித்தி மடியில் ஒரு தட்டோடு முன்னால். நான் பின் சீட்டில், பழைய புடவைகளுக்கு நடுவே மீதி யானைகளோடு. எனக்குக் காரில் போவதே பயம். லாரி பக்கத்தில் வந்தால் கண்ணை மூடிக்கொள்வேன். அன்றைக்கு யானைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்ததால் மூட முடியவில்லை.

பெண்ணாடம் தாண்டியதும் கார் இழுக்கத் தொடங்கியது. நல்ல ரோடுதான். ஆனால் ஆக்சிலேட்டரை அழுத்தும்போதெல்லாம் பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுப்பதுபோல ஒரு வெட்டு. முதல் வெட்டில் ஒரு துதிக்கை போனது. அடுத்த வெட்டில் இரண்டு. சித்தி திரும்பிப் பார்க்கவே இல்லை, சத்தத்தை வைத்தே எண்ணிக்கொண்டார். ஒரு சின்னப் பாலத்தின் ஏற்றத்தில் வண்டி மூச்சை விட்டு நின்றது. மணி ஒன்பதேகால்.

சித்தப்பா பானெட்டைத் திறந்து பேட்டரி போய்விட்டது என்றார். சித்தி இருந்த இடத்திலிருந்தே ஹாரனை அழுத்தினார். அது ஊரையே கூப்பிட்டது. சாவியைத் திருப்பினால் இஞ்சினும் நன்றாகச் சுற்றுகிறது, பற்றிக்கொள்ளத்தான் இல்லை. ஆக, பேட்டரி இல்லை. அதற்குள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். டிராக்டரை நிறுத்திவிட்டு வந்த ஒருவர் பின் சீட்டை எட்டிப் பார்த்தார்.

"யானை மேல ஆளு போயி பாத்திருக்கேன். யானை கார்ல போறத இன்னிக்குத்தான் பாக்கறேன்."

எனக்கு ஒன்று தெரிந்திருந்தது. அத்தனை பேர் நடுவில் சொல்லத்தான் நாக்கு எழவில்லை. எங்கள் காரில் பெட்ரோல் டேங்க் பின் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. சாவியைப் பாதி திருப்பினால், இஞ்சின் சுற்றுவதற்கு முன், என் காலுக்குக் கீழே இரண்டு நொடி 'உய்ய்' என்று ஒரு சத்தம் வரும். எப்போதும் பின்னாலேயே உட்காருவதால் எனக்கு அது பழக்கம். இப்போது அது வரவில்லை. சித்தியின் காதில் மட்டும் சொன்னேன்.

சித்தி கதவைத் திறந்து இறங்கினார். "எல்லாரும் கொஞ்சம் பேசாம இருங்க. பீடி பிடிக்கறவரு அப்படித் தள்ளி நில்லுங்க, இது பெட்ரோல் வண்டி. ஏங்க, சாவியப் பாதி திருப்புங்க."

ஒரு சத்தமும் இல்லை. டேங்குக்குள் மூழ்கிக் கிடந்து பெட்ரோலை முன்னால் தள்ளுகிற பம்பு ஓடவில்லை. ஃபியூஸாக இருக்கும் என்றார் சித்தப்பா. கழற்றிப் பார்த்தோம், கம்பி முழுசாக இருந்தது. கால் மணி நேரம் கழித்துச் சாவியைத் திருப்பியபோது, சளி பிடித்த குரலில் 'உய்ய்' வந்தது. கார் கிளம்பி அரைக் கிலோமீட்டர் போய் மறுபடி நின்றது. ஆறினால் ஓடுகிறது, சூடானால் நிற்கிறது.

"பம்பு ஏன் சூடாவணும்? பெட்ரோலுக்குள்ளதானே கெடக்குது?" என்று கேட்டார் மற்றவர்களையும் ஏற்றிக்கொண்டு பின்னாலேயே டிராக்டரில் வந்தவர்.

அப்போதுதான் எல்லோரும் பெட்ரோல் முள்ளைப் பார்த்தோம். சிவப்பில் படுத்திருந்தது. சித்தப்பாவுக்கு ஒரு கொள்கை உண்டு: டேங்க் நிறைந்திருந்தால் பெட்ரோல் தளும்பும், தளும்பினால் வண்டி ஆடும், ஆடினால் துதிக்கை முறியும். அதனால் இரண்டு வருடமாக எப்போதும் கொஞ்சமாகவே ஊற்றியிருக்கிறார். பம்பைக் குளிர வைப்பதே சுற்றியிருக்கும் பெட்ரோல்தான். பொம்மை பத்திரமாகப் போக வேண்டும் என்று பம்பை அத்தனை நாளும் வெறும் காற்றில் காய வைத்திருக்கிறார்.

"பொம்மைக்காகத்தான் மலரு செஞ்சேன்" என்றார் சித்தப்பா பாவமாக.

சித்தி அவரையே பார்த்தார். திட்டப்போகிறார் என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன். சித்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ரெண்டு வருசமா இந்த யானைங்களுக்குப் பாகன் வேல பாத்திருக்கீங்க, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல" என்றார். டிராக்டர்காரர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அவரே தன் கேனோடு சித்தப்பாவை ஏற்றிக்கொண்டு பெண்ணாடம் பெட்ரோல் பங்க்குக்குப் போய்வந்தார். பத்து லிட்டர், ஆயிரத்துச் சொச்சம். குளிர்ந்த பெட்ரோல் உள்ளே போனதும், சித்தப்பா காருக்கு அடியில் நுழைந்து டேங்கின் அடியில் ரப்பர் செருப்பால் நாலு தட்டு தட்டினார். தேய்ந்த மோட்டார் சில சமயம் அப்படி விழித்துக்கொள்ளும். சித்தி சாவியைப் பாதி திருப்பினார். எல்லோரும் பின் சீட்டில் இருந்த என்னைப் பார்த்தார்கள்.

"கேக்குது" என்றேன். அத்தனை பேர் நடுவில் எனக்கு அவ்வளவு சத்தமாகப் பேச வரும் என்று அதுவரை எனக்கே தெரியாது.

நாற்பதுக்கு மேல் போகாமல், சீராக மிதித்து, பதினொன்று ஐம்பதுக்குச் சூளை வாசலுக்குள் நுழைந்தோம். டிராலியில் மேல் தட்டு மட்டும் காலியாக இருந்தது. சூளைக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார், யானைகளைப் பார்த்தார், தானும் அடுக்கத் தொடங்கினார். பத்து லிட்டர் தளும்பத் தளும்ப வந்த அந்தக் கடைசிப் பதினைந்து கிலோமீட்டரில் ஒரு துதிக்கைகூட முறியவில்லை. சித்தப்பா அதை இரண்டு முறை வாய்விட்டுச் சொன்னார்.

உங்கள் பழைய காரும் இப்படிச் செய்தால்: ஹாரன் நன்றாக அடித்து, இஞ்சின் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால், எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டுப் பின் சீட்டில் காது வையுங்கள். சத்தம் இல்லையென்றால் ஃபியூஸைப் பாருங்கள். ஆறியதும் ஓடினால் பம்பின் காலம் முடிகிறது. தட்டி ஓட்டுவது மெக்கானிக் கடை வரைக்கும்தான். விருத்தாசலத்திலேயே மாற்றினோம், கூலியோடு இரண்டாயிரத்து எண்ணூறு. டேங்க் கால் பாகத்துக்குக் கீழே போக விடாதீர்கள். பொம்மை ஏற்றுகிறவர்கள் வைக்கோலைவிடப் பழைய புடவையை நம்பலாம்.

இன்று சாயங்காலம் சூளையைத் திறந்தார்கள். சித்தி போனில் கூப்பிட்டு, ஐம்பத்தேழும் வெள்ளை வெளேரென்று நிற்கின்றன, சுண்டினால் மணி மாதிரி கேட்கிறது என்றார். கடைக்காரர் அடுத்து நூறு கேட்டிருக்கிறாராம். பிறகு சித்தப்பா போனை வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரிக்குக் கொண்டுபோகிறார்களாம்.

"பாப்பா, நீ வந்தாத்தான் வண்டி எடுப்பேன். பின் சீட்டு உனக்குத்தான்."

அம்மாவிடம் காலையில் கேட்க வேண்டும். பயமாகத்தான் இருக்கிறது. கேட்டுவிடுவேன்.