பதில் சொன்னால்தான் பணம்

எங்கள் சித்திக்குக் கடல் தாண்டிய ஊரில் ஒரு ஓட்டலில் வேலை. ஓட்டல் என்றதும் கண்ணாடிக் கதவும் பூச்சாடியும் உங்கள் கண்ணுக்கு வந்தால், அவையெல்லாம் மேல்மாடிகளில் இருக்கின்றன. சித்தி இருப்பது தரைக்கு அடியில், சலவை அறையில். அங்கே வெயிலும் கிடையாது, மழையும் கிடையாது. சுவர்கள்கூட வியர்த்துக்கொண்டிருக்கும். துவைத்துப் பிழிந்த படுக்கை விரிப்புகள் தள்ளுவண்டியில் மலை போல வரும். இரண்டு பெண்கள் எதிரெதிரே நின்று ஒரு விரிப்பை விரித்துப் பிடித்து, சூடான உருளையின் வாயில் கொடுக்க வேண்டும். மறுபக்கம் அது காகிதம் மாதிரி விறைத்துக்கொண்டு வெளியே வரும். எதிர்ப்பக்கம் நிற்கிற பெண்ணுக்கு நம் பாஷை தெரியாது. அவள் பாஷை சித்திக்குத் தெரியாது. "நல்லதாப் போச்சு, சண்டையே வராது" என்பாள் சித்தி.

பேச ஆள் இல்லாததால் சித்தி விரிப்பையே பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த வெள்ளையில் வீடு தெரியும் என்று என்னிடம் போனில் சொல்லியிருக்கிறாள். ஒரு விரிப்பில் வாசல் வரும். அது உருளைக்குள் போனதும் அடுத்ததில் கூடம் வரும். அதற்கடுத்ததில் அடுப்படி. அடுப்படி ஜன்னலுக்கு வெளியே அவள் கையால் நட்ட கொய்யா மரம். வேலை அதிகமான நாட்களில் அந்த மரம் பூக்கும், காய்க்கும், பழுக்கும், அணில் வந்து பாதி கடித்துப் போட்டுவிட்டு ஓடும். அதற்குள் வேலை முடிகிற மணி அடித்துவிடும்.

போனவள் ஆறு வருஷமாக ஒரு தடவைகூட வரவில்லை. டிக்கெட்டுக்கு என்று சேர்த்ததெல்லாம் ஒவ்வொரு முறையும் வேறொரு அவசரத்துக்குப் போனது. போனில் முகம் பார்த்துப் பேசலாமே என்று கேட்பீர்கள். பேசினார்கள். ஆனால் சித்தப்பா போனைப் பிடிக்கிற அழகு தனி. "உங்க மூக்கு ஓட்டையைப் பாக்கறதுக்கா நான் காசு கட்டறேன்?" என்று சித்தி திட்டுவாள். அவர் போனைத் தள்ளிப் பிடிப்பார். இப்போது மின்விசிறி மட்டும் தெரியும்.

மாதா மாதம் பணம் அனுப்ப அவளுக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, பணம் அனுப்பும் நிறுவனத்தின் கவுண்டர். அது சித்தியின் வேலை முடிவதற்கு முன்பே மூடிவிடும். கட்டணமும் அதிகம். இன்னொன்று, ஓட்டலுக்குப் பின்தெருவில் போன் ரிப்பேர் கடை வைத்திருந்த நம் ஆள் ஒருவர். அவரிடம் அங்கே பணத்தைக் கொடுத்தால், இங்கே அவருடைய மச்சான் அதற்குச் சமமான பணத்தை வீட்டுக்கே வந்து கொடுப்பார். உண்டியல் என்று இதைச் சொல்வார்கள். சட்டம் இதை ஒப்புக்கொள்வதில்லை. சித்திக்கும் அது தெரியும். "சட்டம் என் ஷிப்ட் முடியறவரைக்கும் கடையைத் திறந்து வெச்சிருந்தா நான் ஏன் பின்தெருவுக்குப் போறேன்?" என்பாள்.

அந்த மச்சான் மொபெட்டில் முட்டை விற்பவர். பின்னால் அட்டை அட்டையாக முட்டை. எந்த அட்டைக்கு அடியில் யார் வீட்டுப் பணம் என்று அவருக்கு மட்டும்தான் தெரியும்.

சரியான ஆளிடம்தான் பணம் போகிறது என்பதற்கு உண்டியல்காரர்கள் ஏதாவது ஒரு அடையாளம் வைத்துக்கொள்வார்கள். பெரும்பாலும் ஒரு ரூபாய் நோட்டின் எண். போன் கடைக்காரர் ஒரு தடவை அதில் ஏமாந்துவிட்டு வேறு முறைக்கு மாறியிருந்தார். பணம் அனுப்புகிறவர் தன் வீட்டைப் பற்றி ஒரு கேள்வி சொல்ல வேண்டும். பதிலையும் சொல்ல வேண்டும். முட்டைக்காரர் வாசலில் நின்று கேள்வியைக் கேட்பார். பதில் சரியாக இருந்தால் பணம். இல்லாவிட்டால் மொபெட் கிளம்பிவிடும்.

"கதவுக்குப் பின்னாடி ஆணியில என்ன தொங்குது?" என்று ஒரு மாதம் சித்தி கேட்டாள். "கிழிஞ்ச குடை" என்று பதில் போனது. "குளிக்கிற வாளி என்ன நிறம்?" "பச்சை." அவளுக்குத் தெரிந்த பதில்கள்தான். ஆனாலும் கடைக்காரர் போனைப் பார்த்து, "பச்சையாம்க்கா, சரியாப் போச்சு" என்று சொல்லும்போது, அந்த வாளி தண்ணீர் தளும்பத் தன் முன்னால் வந்து உட்கார்ந்தது போல இருக்குமாம். இப்படியே மாதத்துக்கு ஒரு பொருளாக வீடு அவளிடம் வந்து சேர்ந்துகொண்டிருந்தது.

இந்த வருஷம் சித்தப்பாவுக்குக் குடலிறக்கம் வந்தது. தன் பஞ்சர் கடையில் ஜாக்கியைத் தூக்கியபோது சுருண்டு விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரியில், மறுநாள் மதியத்துக்குள் முன்பணம் கட்டினால் அறுவை சிகிச்சை, இல்லாவிட்டால் கட்டில் வேறு ஆளுக்கு என்று சொல்லிவிட்டார்கள். நானும் அம்மாவும் அவர் பக்கத்தில் இருந்தோம். வலி வரும்போது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஸ்பேனர் பிடித்த கை, விரல் நொறுங்கிவிடும் போல இருந்தது.

சித்தி பணத்தை அன்று மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையிலேயே கடைக்காரரிடம் கொடுத்துவிட்டாள். கேள்வியையும் யோசிக்காமல் சொன்னாள்.

சாயங்காலம் முட்டைக்காரர் வந்தபோது வீட்டில் பாப்பா மட்டும்தான் இருந்தாள். சித்தியின் மகள். சித்தி போனபோது அவளுக்கு நாலு வயது.

"பாப்பா, அப்பா இல்லையா? சரி, நீயே சொல்லு. அடுப்படி ஜன்னலைத் திறந்தா முதல்ல என்ன தெரியும்?"

பாப்பா சந்தேகத்துக்கு இடமில்லாமல் உள்ளே ஓடிப்போய் ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டே வந்தாள். "தண்ணித் தொட்டி. பக்கத்து வீட்டுது. நீலம்."

முட்டைக்காரர் தலையைச் சொறிந்தார். "நல்லா யோசிச்சு சொல்லு தங்கம்."

"பாத்துட்டுத்தான் சொல்றேன். நீங்க வேணா வந்து பாருங்க."

"நான் பாத்து என்ன ஆகப்போகுது? எனக்குச் சொன்ன பதில் வேற."

"அப்பாகிட்ட கேட்டுச் சொல்லட்டுமா?"

"கேட்டுச் சொன்னா அது பதில் இல்லம்மா." அவருக்கும் மனசு கேட்கவில்லை. நாலு முட்டையை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அதற்குக் காசு வாங்கவில்லை.

வேலை முடிந்து சித்தி கடைக்கு வந்தபோது கடைக்காரர் முகம் கொடுக்கவில்லை. ஒரு போனின் வயிற்றைப் பிளந்து வைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி சொன்னார். "பதில் தப்புக்கா. காசு போகல."

"தப்பா? என்ன சொன்னாங்க?"

"தண்ணித் தொட்டின்னு பாப்பா சொல்லிச்சாம்."

சித்திக்கு முதலில் வந்த பயம், மச்சான் வீடு மாறிப் போய்விட்டார் என்பது. அடுத்து வந்தது, இவர்கள் வீடு மாறிவிட்டார்கள் என்பது. அங்கேயே நின்று சித்தப்பாவுக்குப் போன் போட்டாள். நான்தான் எடுத்து அவர் காதில் வைத்தேன். சித்தியின் குரல் எனக்கும் கேட்டது.

"என்னங்க, பாப்பா எந்த வீட்டுல இருக்கா?"

"நம்ம வீட்டுலதான். ஏன்?"

"ஜன்னலுக்கு வெளியே தொட்டி இருக்குன்னு சொல்லியிருக்கா. கொய்யா மரம் எங்க?"

சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டார். வலியாக்கும் என்று நான் நர்ஸைக் கூப்பிடப் பார்த்தேன். அவர் கையைக் காட்டித் தடுத்தார்.

"மரம் காத்துல விழுந்து மூணு வருஷம் ஆச்சு."

"போன மாசம் காய்ச்சிருக்கான்னு கேட்டேன். கிளை ஒடியற மாதிரி காய்ச்சிருக்குன்னீங்க."

"சொன்னேன். மரத்தைப் பத்திக் கேக்கறப்ப உன் குரல் எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாது. எனக்குத்தான் தெரியும். எப்படிச் சொல்லச் சொல்றே?"

"அப்ப குடை?"

"அது எப்பவோ போச்சு."

"வாளி?"

"இப்ப சிவப்பு. முட்டைக்காரர் கேட்டா, நீ எதை நினைச்சுக் கேட்டிருப்பேன்னு யோசிச்சு, அதைச் சொல்லுவேன். இன்னிக்கு நான் வீட்டுல இல்லாம போயிட்டேன்."

பிறகு சித்தி, "வலிக்குதா?" என்று கேட்டாள். "உன்கூடப் பேசறப்ப வலிக்கல" என்றார் சித்தப்பா. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு, "குடல் வெளிய வந்தாலும் இந்தப் பேச்சு மட்டும் குறையாது" என்றாள்.

அங்கே கடைக்காரர் அவசரப்படுத்தினார். "அக்கா, நடந்தது நடந்துபோச்சு. இப்ப இன்னொரு கேள்வி சொல்லு. விடிஞ்சதும் மச்சானை அனுப்பறேன்."

"கேள்வி வேண்டாம் தம்பி. நான் சொல்றேன், குடுத்துடச் சொல்லு."

"உனக்கு விட்டா ஊருக்கே விடணும். போன வருஷம் ஒருத்தன் அந்த வீட்டு அண்ணன்னு சொல்லிட்டு வாங்கிட்டுப் போனான். விசாரிச்சா அந்த வீட்டுல அண்ணனே கிடையாது. சும்மா ஏதாவது கேளுக்கா. எத்தனை கதவு, எத்தனை ஜன்னல்."

சித்தி கடை ஸ்டூலில் உட்கார்ந்து யோசித்தாள். இதை அவள் எனக்குச் சொன்னபோது குரல் தூக்கத்தில் பேசுவது போல இருந்தது. வாசலுக்குப் போனாளாம். வாசல் விளக்கு எந்தப் பக்கம்? இடது பக்கம் இருந்தது. இப்போது? கூடத்துக்குள் போனாளாம். கட்டில் எந்தச் சுவரை ஒட்டி இருக்கிறது? பீரோ கண்ணாடியில் ஒட்டிய பொட்டு அப்படியே இருக்குமா, யாராவது சுரண்டியிருப்பார்களா? அடுப்படியில் உப்பு டப்பாவை எடுக்கக் கை நீட்டினால் அங்கே அது இல்லை. தொட்டது ஒவ்வொன்றும், நீராவியில் விரலால் போட்ட கோடு மாதிரி, பார்க்கப் பார்க்கக் கரைந்து வழிந்தது. சித்தப்பா எங்கே படுப்பார், பாப்பா எந்தப் பக்கம் ஒருக்களிப்பாள், எதுவும் நிச்சயமில்லை. பதில் தெரிந்த கேள்வி ஒன்றுகூட அவளிடம் மிச்சமில்லை.

"என்கிட்ட கேள்வி இல்ல தம்பி. காசைத் திருப்பிக் குடு" என்றாள்.

மறுநாள் காலை மேற்பார்வையாளரிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு மணி நேரம் வாங்கிக்கொண்டு கவுண்டருக்கு ஓடினாள். சித்தப்பாவின் பாஸ்புக் பீரோவில் சேலைகளுக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தது. நான் வீட்டுக்கு ஓடி அதைப் படம் எடுத்து அனுப்பினேன். கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு நம் பாஷை கொஞ்சம் தெரிந்திருந்தது.

"யாருக்கு அனுப்பறீங்க?"

"வீட்டுக்காரருக்கு."

"எதுக்கு?"

"ஆபரேஷனுக்கு."

பிறந்த தேதி, கணக்கு எண், வேலை செய்யும் இடம். அங்கே கேட்ட எல்லாவற்றுக்கும் சித்திக்குப் பதில் தெரிந்திருந்தது. ஒன்றுகூடத் தப்பவில்லை. ரசீது ஒரு சின்ன மெஷினிலிருந்து நாக்கை நீட்டியது. அவள் சலவை அறைக்குத் திரும்பி உருளைக்கு முன்னால் நின்றபோது, பணம் இங்கே வந்துவிட்டது. மதியத்துக்கு முன்பே கட்டிவிட்டோம். சித்தப்பாவை உருட்டிக்கொண்டு போகும்போது, "என் ஸ்பேனர் செட்டை யாருக்கும் இரவல் குடுத்துடாதே" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். நல்லபடியாகத் திரும்பி வந்தார்.

ஆனால் அன்றிலிருந்து விரிப்புகளில் ஒன்றும் தெரியவில்லை என்று சித்தி சொன்னாள். வெறும் துணி வந்தது, வெறும் துணி போனது. எதிரே நின்ற பெண்கூட ஏதோ புரிந்தவள் மாதிரி, விரிப்பின் முனையை மெதுவாக ஆட்டிக் கூப்பிட்டாளாம்.

அடுத்த மாதச் சம்பளம் வந்ததும் சித்தி மறுபடியும் ஒரு மணி நேரம் கேட்டு வாங்கி, பணத்தைக் கவுண்டரிலேயே கட்டினாள். வேலை முடிந்ததும் பின்தெருவுக்குப் போனாள். கடைக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். "என்னக்கா, நீ கோபமா இருப்பேன்னு நினைச்சேன். எவ்வளவு அனுப்பணும்?"

"காசு இல்ல. கேள்வி மட்டும்."

"காசில்லாம கேள்வியா? இது என்ன புது யாவாரம்?"

"உன் கூலியும் மச்சான் கூலியும் தர்றேன். அவரு எங்க வீட்டுக்குப் போய் பாப்பாகிட்ட கேக்கணும். பாப்பாகிட்டதான். அவங்க அப்பாகிட்ட கேக்கக் கூடாது."

"சரி, சொல்லு. பதில் என்ன?"

"எனக்குத் தெரியாது."

கடைக்காரர் கேள்வியைத் தட்ட எடுத்த போனைக் கீழே வைத்தார். "பதில் தெரியலன்னா, சொன்னது சரியா தப்பான்னு மச்சான் எப்படிக்கா பாப்பான்?"

"அவ என்ன சொன்னாலும் சரிதான்."

முட்டைக்காரர் வந்தபோது நானும் சித்தி வீட்டில் இருந்தேன். சித்தப்பா கட்டிலிலிருந்து எழப் பார்த்தார். "நீங்க படுங்க, உங்களை நம்ப முடியாதுன்னு உத்தரவு" என்று சொல்லிவிட்டு முட்டைக்காரர் பாப்பா பக்கம் திரும்பினார். "பாப்பா, காலையில கண்ணு முழிச்சதும் நீ முதல்ல எங்க போய் நிப்பே?"

பாப்பா என்னைப் பார்த்தாள். சித்தப்பாவைப் பார்த்தாள்.

"மாடிப்படியில" என்றாள். "நாலாவது படியில உக்காந்துக்குவேன். முதல்ல வெயில் அங்கதான் வரும். கால் சூடாகறவரைக்கும் உக்காந்திருந்துட்டு அப்புறம் பல்லு விளக்குவேன். அப்பாவுக்குத் தெரியாது. அவர் தூங்கிட்டிருப்பார்."

"ஒரு வார்த்தையில சொல்லுன்னா கதையே சொல்றியே" என்று முட்டைக்காரர் சலித்துக்கொண்டே, ஒன்றுவிடாமல் போனில் தட்டினார்.

அந்த மாடிப்படி சித்தி அனுப்பிய பணத்தில் கட்டியது. அவள் இருந்தபோது அங்கே ஏணிதான் சாத்தியிருக்கும். கடைக்காரர் படித்துக் காட்டியதும் சித்தி கடை வாசலில் அப்படியே நின்றாளாம். முதல் படியில் கால் வைத்தாள். இரண்டாவது. மூன்றாவது. நாலாவதில் ஒரு சின்ன முதுகு, கலைந்த தலை, வெயிலில் நீட்டிய இரண்டு பாதங்கள். இந்தத் தடவை அது கரையவில்லை.

"தம்பி, அந்தப் படி வாசல் பக்கம் பாத்து இறங்குதா, கொல்லைப் பக்கம் பாத்து இறங்குதா? கேட்டுச் சொல்லேன்."

"அது அடுத்த கேள்விக்கா" என்றார் கடைக்காரர். "அதுக்குத் தனிக் கூலி."

சித்தி பையைத் திறந்தாள்.