வதனமோகினி டப்பி

முடி வெட்டப் போன தாணு வெட்டாமலேயே திரும்பி வந்தான். தோளில் கிடந்த துண்டை முகத்தோடு சேர்த்துப் பிடித்தபடி, அம்மாவைப் பார்க்காமல் நேரே உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

சரஸ்வதியம்மாள் மதிய ட்யூட்டிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். புடவை மடிப்பைப் பிடித்தபடியே கதவருகே வந்தாள்.

"என்ன மக்கா, கடையில கூட்டமா?"

"இல்ல."

"பின்னே?"

சுவரைப் பார்த்துச் சொல்வதுபோல ஒரு குரல் வந்தது. "வேண்டாம்னு எழுப்பி விட்டுட்டான்."

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விஷயம் வெளியே வந்தது. கரமனைப் பாலத்துக்குப் பக்கத்துக் கடை. நாற்காலியில் உட்கார வைத்துக் கழுத்தைச் சுற்றித் துணியும் கட்டியாகிவிட்டது. தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பியவன் சட்டென்று கையை எடுத்துவிட்டான். "இது பகரும் தம்பி, ஒட்டுவாரொட்டி. என் கத்தி பட்டா நாளைக்கு ஒருத்தனும் இங்க தலை குடுக்க மாட்டான்" என்று சொல்லி, கட்டிய துணியை அவிழ்த்து, காத்திருந்தவர்கள் முன்னாலேயே தெருவில் உதறினானாம். காத்திருந்தவர்களில் இரண்டு பேர் தாணுவின் வகுப்புப் பையன்கள்.

சரஸ்வதியம்மாளுக்கு அந்தக் கடைக்காரனைப் போய் நாலு கேட்க வேண்டும் போலக் கொதித்தது. ஆனால் கொதிப்பதை வெளியே காட்டிப் பழக்கமில்லாத பெண் அவள். திருவனந்தபுரம் டெலிபோன் ஆபீசில் டிரங்க் கால் போர்டில் உட்கார்ந்து எட்டு வருஷமாகிறது. பம்பாய் லைன் கிடைக்கவில்லை என்று முதலாளிமார் கத்துவார்கள். மதராசுக்குப் பேச வேண்டிய வக்கீல் வாய்க்கு வந்தபடி ஏசுவார். எல்லாவற்றுக்கும் ஒரே குரலில், "தயவுசெய்து காத்திருங்கள்" என்று சொல்ல வேண்டும். ஏறாமல் இறங்காமல் தேன் மாதிரி ஓடும் அந்தக் குரல்தான் அவளுக்குச் சோறு போட்டது. புருஷன் டைபாய்டில் போனபோது தாணுவுக்கு எட்டு வயது. "நம்ம வீட்டுப் பொம்பளை கம்பியில பேசிச் சம்பாதிக்கணுமா?" என்று புருஷனின் அண்ணன் கோலப்பன் பிள்ளை குதித்தபோதும் அவள் குரலை உயர்த்தவில்லை. பேசாமல் வேலைக்குப் போனாள்.

தாணுவுக்கு இப்போது பதினாறு. ஆறாவது பாரம், பள்ளியின் கடைசி வகுப்பு. இரண்டு வருஷத்துக்கு முன் நெற்றியில் நாலைந்து பருவாக ஆரம்பித்தது. பிறகு கன்னம், தாடை, முதுகு என்று பரவியது. வெறும் பரு இல்லை. சீழ் கோர்த்து, வலித்து, உடைந்து, தலையணை உறையில் ரத்தக்கறை வைக்கிற கட்டிகள். பார்த்தவர்கள் எல்லாரும் வைத்தியர்களானார்கள். சூடு என்றார்கள், பித்தம் என்றார்கள், ரத்தம் கெட்டது என்றார்கள். கோலப்பன் பிள்ளை அவனைக் கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு ரத்தசுத்திக்காரரிடம் கூட்டிப் போய், வாரா வாரம் பேதிக்குக் கொடுக்க ஏற்பாடு செய்தார். பையன் வாடி வதங்கினான். பரு வாடவில்லை.

அதன் பிறகுதான் வதனமோகினி வந்தது. சாலைக் கடைத்தெருவில் கோலப்பன் பிள்ளைக்குச் சோப்பு, சீப்பு, கண்ணாடி, பவுடர் விற்கிற கடை. வடக்கேயிருந்து வந்த ஒரு ஏஜெண்ட், நாட்டியக்காரி படம் போட்ட தகர டப்பிகளை அவருக்கு இறக்கிக் கொடுத்திருந்தான். 'ஏழே நாளில் தாமரை முகம்' என்று மூடியில் மலையாளத்திலும் தமிழிலும் அச்சடித்திருந்தது. அவரே ஒரு டப்பியைக் கொண்டுவந்து கொடுத்தார். முதல் மாதம் உண்மையிலேயே பருக்கள் காய்ந்து, முகம் வெளுத்தது. தாணு கண்ணாடிக்கு முன்னால் நின்று சீட்டியடித்ததைக் கேட்டு அவளும் மகிழ்ந்தாள். இரண்டாவது டப்பி, மூன்றாவது டப்பி. பிறகு தோல் உரிந்தது. உரிந்த இடத்தில் அடுப்புச் சாம்பலைத் தேய்த்தது போல ஒரு கருநிறம் படர்ந்தது. அதற்கு மேலே பழையபடி கட்டிகள். "தேய்க்கத் தேய்க்கத்தான் அடியில உள்ள விஷம் வெளிய வரும்" என்றார் கோலப்பன் பிள்ளை. பையன் இன்னும் அழுத்தித் தேய்த்தான்.

மறுநாள் லீவு சொல்லிவிட்டு, வர மாட்டேன் என்றவனை இழுக்காத குறையாகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். நீண்ட வரிசை. அவர்கள் முறை வந்தபோது டாக்டரைச் சுற்றி ஏழெட்டு மாணவர்கள் நின்றார்கள். டாக்டர் பேனாவின் முனையால் தாணுவின் தாடையை மேலே தூக்கினார், விரல் படவில்லை.

"இதினு மருந்தொன்னும் வேண்டா. கல்யாணம் கழிச்சு வை, தனியே மாறும்" என்றார் மலையாளத்தில். கல்யாணம் பண்ணி வைத்தால் தானாகப் போய்விடுமாம்.

மாணவர்கள் சிரித்தார்கள். டாக்டரும் சிரித்தார். தாணு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் காதுமடல் மட்டும் சிவந்து எரிந்தது.

"சாரே, பள்ளிக்கூடத்துல படிக்கிற பிள்ளையாக்கும் இவன்" என்றாள் சரஸ்வதியம்மாள். அவளுக்கே அந்நியமான ஒரு நடுக்கம் குரலில் இருந்தது. "வலிக்குன்னு வந்திருக்கான். சிரிக்கவா கூட்டிட்டு வந்தேன்?"

"அடுத்த ஆள்" என்றார் டாக்டர்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது தாணு சொன்னான்: "இனி எங்கயும் கூப்பிடாதே அம்மா. பள்ளிக்கூடத்துக்கும் போகல."

சொன்னபடியே போகவில்லை. பரீட்சைக்கு அதிகம் நாளில்லை. பகல் முழுக்க ஜன்னலை அடைத்துக்கொண்டு கிடந்தான்.

டெலிபோன் ஆபீசில் பக்கத்து நாற்காலி ரத்னாபாய்க்கு. மார்த்தாண்டம் பக்கத்துக்காரி. ஒருநாள் லைன் ஓய்ந்திருந்த நேரத்தில் சரஸ்வதியம்மாளின் முகத்தைப் பார்த்து விஷயத்தைக் கறந்துவிட்டாள்.

"என் தம்பிக்கு இதைவிட மோசமா இருந்துது சரசக்கா. புளிமூட்டுல வேதமாணிக்கம்னு ஒரு டாக்டர். மதராசுல தோல் வியாதிக்குன்னே படிச்ச ஆளு. ஒருக்கா கொண்டு காட்டுங்க."

"அவரும் சிரிச்சா?"

"சிரிக்க மாட்டாரு. அவருக்குச் சிரிக்கவே தெரியாதுன்னுதான் ஊருல பேச்சு."

தாணுவைக் கிளப்ப இரண்டு நாள் ஆனது. இருட்டும் நேரத்தில், துண்டால் முகத்தை மூடிக்கொண்டுதான் வந்தான். வேதமாணிக்கம் ஐம்பது வயதுக்காரர், கடுகடுத்த முகம். சரஸ்வதியம்மாள் பேச வாயெடுத்ததும் கையமர்த்தினார்.

"நோவு உங்களுக்கா, அவனுக்கா? அவன் சொல்லட்டும்."

துண்டை எடுக்கச் சொன்னார். கையைக் கழுவித் துடைத்துவிட்டு, இரண்டு உள்ளங்கையாலும் தாணுவின் முகத்தைப் பிடித்து விளக்குக்குத் திருப்பினார். கன்னத்திலும் தாடையிலும் விரலால் மெல்லத் தடவி, ஒவ்வொரு கட்டியாக அழுத்தம் பார்த்தார். இரண்டு வருஷத்தில் பெற்ற தாயைத் தவிர வேறு மனுஷக் கை அந்த முகத்தில் இப்படிப் பட்டதில்லை. தாணுவின் கண்ணிலிருந்து நீர் வழிந்து டாக்டரின் விரலை நனைத்தது. அவர் கவனிக்காதது போல வேலையைத் தொடர்ந்தார்.

"வாயைத் திற. ஈறு எத்தனை நாளா இப்படி வீங்கியிருக்கு? பல் தேய்க்கும்போது ரத்தம் வருதா?"

"வருது."

"முகத்துல என்ன போடுகே?"

தாணு கால்சட்டைப் பையிலிருந்து டப்பியை எடுத்து நீட்டினான். டாக்டர் மூடியைத் திறந்தார், விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார், டப்பியை மேசையில் ஓங்கி வைத்தார்.

"இந்தச் சனியன் எங்கேயிருந்து வந்தது? பாதரச உப்பு கலந்திருக்கணும். பரிசோதிச்சாத்தான் உறுதியாச் சொல்லலாம். ஆனா இந்தக் கருப்பும் இந்த ஈறும் அதைத்தான் சொல்லுது. இன்னும் ஆறு மாசம் பூசியிருந்தா கிட்னியும் போயிருக்கும்."

சரஸ்வதியம்மாள் டப்பியை எடுத்து மூடித் தன் பைக்குள் போட்டாள்.

"டாக்டர்," என்றான் தாணு. "இது... நான் தப்பா எதையும் நினைக்கிறதால வாறதா? பெரியப்பா சொன்னாரு. மனசுல அழுக்கு இருந்தா முகத்துல வரும்னு. நான் ராத்திரி முழுக்க விபூதி பூசிட்டு உக்காந்து பாத்தேன். போகல."

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு அவனுக்கு நேரே உட்கார்ந்தார். "உன் வயசுல தோலுக்கு அடியில எண்ணெய் அதிகமா ஊறும். ஊறின எண்ணெய் வெளிய வர வழி அடைஞ்சா பரு. சிலருக்கு நாலு, சிலருக்கு நானூறு. உன் மனசுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ரத்தத்துக்கும் கிடையாது. தொட்டா ஒட்டாது. உங்க பெரியப்பா டாக்டரா?"

"கடை வச்சிருக்காரு."

"கடையைப் பாக்கச் சொல்லு."

களிம்பை அன்றோடு நிறுத்தச் சொன்னார். தலையில் வழிய வழியத் தேங்காயெண்ணெய் வைப்பதையும் நிறுத்த வேண்டும். நெற்றியில் இறங்குகிற எண்ணெய் அடைப்பைக் கூட்டும். காலையும் மாலையும் சாதாரண சோப்பால் கழுவ வேண்டும், அழுத்தித் தேய்க்கக் கூடாது. படுக்கும்முன் கந்தகம் சேர்த்த லோஷன். கிள்ளக் கூடாது. "ஒரு வாரத்துல ஒண்ணும் தெரியாது. முதல்ல கொஞ்சம் வறண்டு எரியும். மூணு நாலு மாசம் விடாம போடணும். குழி விழுந்த வடு சிலது அப்படியேதான் இருக்கும், அதை நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா வலியும் சீழும் நின்னு போயிரும்."

மறுநாள் காலை, வெயில் ஏறும் நேரத்தில், சரஸ்வதியம்மாள் டப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு சாலைக் கடைத்தெருவுக்கு நடந்தாள். கோலப்பன் பிள்ளை கல்லாவில் இருந்தார். கடையில் நாலைந்து பெண்கள் வளையலும் சாந்தும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அத்தான், இந்தக் களிம்புல பாதரசமாம். பிள்ளைக்கு ஈறெல்லாம் வீங்கிக் கெடக்கு."

"யாரு சொன்னா? டாக்டர்மாருக்கு நம்ம ஊரு மருந்து பிடிக்காது, கேட்டியா. இதுவரை ஒருத்தரும் குத்தம் சொல்லல."

"சொல்ல வெக்கப்பட்டுட்டு வீட்டுக்குள்ள கெடப்பாங்க. என் பிள்ளை கெடந்த மாதிரி."

அவர் குரலைத் தாழ்த்தினார். "சரசு, ஆளு நிக்குது. உன் பிள்ளைக்குப் பூச்சு என்ன செய்யும்? அவனுக்குப் புத்தி நேரே நிக்கல. தகப்பன் இல்லாத வீடு. நான் அவனைத் தனியா கூப்பிட்டுச் சொன்னேன்..."

"சொன்னீங்க. மனசுல அழுக்குன்னு சொன்னீங்க. நீங்க வித்த விஷத்துல அவன் முகம் கருத்துச்சு, அதுக்கும் குத்தத்தை அவன் மனசு மேலயே போட்டீங்க. ராவெல்லாம் விபூதி பூசிட்டு உக்காந்திருக்கான் என் பிள்ளை! பதினாறு வயசுல!"

எட்டு வருஷம் ஏறாமல் இறங்காமல் ஓடிய குரல் அன்று கடைத்தெரு முழுக்கக் கேட்டது. எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். டப்பியை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் அதை மெல்லத் திரும்ப வைத்தாள். சரஸ்வதியம்மாள் அலமாரித் தட்டிலிருந்த வதனமோகினி டப்பிகளைக் கையால் வாரிச் சீலைத் தலைப்பில் கட்டிக்கொண்டாள்.

"ஏட்டீ! என் கடைச் சரக்கு அது!"

"தெரியும். ஹெல்த் ஆபீசுல கொண்டு காட்டப் போறேன். வேணும்னா கூட வாங்க."

அவர் வரவில்லை. சுகாதார அலுவலகத்தில் ஒரு மணி நேரம் நின்றாள். இன்ஸ்பெக்டர் டப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மருந்து என்று மூடியில் எழுதவில்லை, சௌந்தர்ய சாமான் என்றுதான் போட்டிருக்கிறது. மருந்துச் சட்டத்தில் இது வராது என்றார்.

"அப்போ விஷத்தை மருந்துன்னு வித்தாத்தான் குத்தம். அழகுன்னு வித்தா குத்தமில்லையா?"

இன்ஸ்பெக்டர் பரிதாபமாகக் கையை விரித்தார். திரும்புகிற வழியில் அவள் மனசு ஆறவே இல்லை. இரண்டு வாரத்தில் புது டப்பிகள் கோலப்பன் பிள்ளையின் தட்டில் ஏறிவிட்டன என்று ரத்னாபாய் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்.

அதற்குப் பிறகு சரஸ்வதியம்மாள் ட்யூட்டி இல்லாத நாட்களில் சாமான் வாங்க சாலைக்குப் போனால், அந்தக் கடை முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் நகர்வாள். யாராவது அந்த டப்பியைத் தொட்டால், "அது வேண்டாம் அம்மா, என் மகன் முகம் அதுல கருத்துப் போச்சு" என்று சொல்வாள், மலையாளத்திலும் தமிழிலும். கோலப்பன் பிள்ளை பல்லைக் கடிப்பார். வீட்டு விசேஷங்களுக்கு அழைப்பு நின்றது. சொந்தக்காரர்கள், "சரசுக்கு வாய் நீண்டு போச்சு" என்று பேசினார்கள். பேசட்டும் என்று விட்டாள். வருஷ முடிவில் கோலப்பன் பிள்ளை டப்பியைக் கடையிலிருந்து எடுத்துவிட்டார். மனசு இளகி அல்ல, விற்பனை படுத்துவிட்டது.

தாணு லோஷனை விடாமல் போட்டான். எண்ணெய் காணாத தலையைப் பார்த்து, "துக்க வீடா?" என்று அக்கம்பக்கம் கேட்டது. முதலில் முகம் வறண்டு செதில் செதிலாக உதிர்ந்தபோது எல்லாம் போச்சு என்று பயந்தான்; டாக்டர் ஒருநாள் விட்டு ஒருநாள் போடச் சொன்னார். பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போய்ப் பரீட்சை எழுதினான். மழைக்காலம் முடிவதற்குள் புதுக் கட்டிகள் அருகின. கருநிறம் மெல்ல மெல்லத்தான் விட்டது. இரண்டு கன்னத்திலும் சில குழிகள் அப்படியே தங்கிவிட்டன. அவனுக்கு அதில் வருத்தம் இல்லாமல் இல்லை. ஆனால் கல்லூரியில் சேர்ந்ததும் வாலிபால் குழுவில் பெயர் கொடுத்தான். போட்டோ எடுத்தபோது முன்வரிசையில் உட்கார்ந்தான்.

மூன்று வருஷம் கழித்து ஒரு மத்தியானம் கோலப்பன் பிள்ளையின் மனைவி பகவதியம்மாள் பின்வாசல் வழியாக வந்தாள். கூடவே பதினாலு வயது மகள் சூடாமணி, முந்தானையை மூக்குவரை இழுத்துப் போட்டுக்கொண்டு.

"அவருக்குத் தெரியாது சரசு. பெண்ணாப் பிறந்ததுக்கு முகம் இப்படியான்னு இவளை எந்நேரமும் ஏசுகாரு. அந்த டாக்டர் எங்க இருக்காருன்னு சொன்னாப் போதும்."

சரஸ்வதியம்மாளின் நாக்கு நுனிவரை எத்தனையோ வார்த்தைகள் வந்தன. மூன்று வருஷமாகச் சேர்த்து வைத்திருந்தவை. அந்தச் சிறு பெண்ணைப் பார்த்தாள். சூடாமணி சுவரோடு சுவராக ஒட்டி நின்றிருந்தாள்.

"இடம் சொல்ல மாட்டேன். நானே கூட்டிட்டுப் போறேன். இப்பவே" என்று செருப்பை மாட்டினாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்த சூடாமணி, புளிமூடு நெருங்கும்போது வாயைத் திறந்தாள். "சித்தி, நான் கெட்ட பிள்ளையா? அதனாலயா வந்திருக்கு?"

"இல்ல மக்கா. சொன்னவன்தான் கெட்டவன்!" என்றாள் சரஸ்வதியம்மாள்.

முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் குரலைக் குறைக்கவில்லை. பெண்ணின் முந்தானையை முகத்திலிருந்து விலக்கித் தோளில் சரியாகப் போட்டுவிட்டு, இறங்குவதற்காகக் கையைப் பிடித்து எழுப்பினாள்.