கோடு படுத்த பிறகு

பீர் காய்ச்சும் கொட்டகையில் எல்லாருக்கும் அவள் அக்கா. கூடப் பிறந்த தம்பிக்கு மட்டுமல்ல, பீப்பாய் ஏற்ற வரும் வண்டிக்காரருக்கும், அவளைவிட மூத்த வெல்டிங்காரருக்கும் அக்காதான். முதுகுக்குப் பின்னால் மட்டும் வேறு பெயர் வைத்திருந்தார்கள், மூக்கம்மா என்று. அது அவள் காதுக்கும் வந்திருந்தது. கேட்டும் கேட்காதவள் போல இருந்தாளே தவிர, உள்ளுக்குள் அவளுக்கு அது பிடித்திருந்தது.

படிப்பை நடுவில் விட்டுவிட்டு சோப்புக் கம்பெனிக்குப் பெட்டி அடுக்கப் போனவள் அவள். ஒருநாள் வாசனை எண்ணெய் மாற்றி ஊற்றிய கட்டிகளை, உறையைப் பிரிக்காமலே பொறுக்கித் தனியே வைத்தாள். மேஸ்திரி பிரித்துப் பார்த்து மூக்கின் மேல் விரல் வைத்தார். அன்றோடு பெட்டி அடுக்குவது போய், மோந்து பார்ப்பதே அவள் வேலையானது. கம்பெனியை மூடியபோது தம்பி வந்து நின்றான். பழைய டயர் கொட்டகை ஒன்று வாடகைக்கு வருகிறது, பீர் காய்ச்சலாம் என்றான்.

"மெஷினும் வெளி வேலையும் என்னோடது. மூக்கு உன்னோடது. சரியா?"

"உனக்கும்தான் ஒண்ணு இருக்கே?"

"அது கண்ணாடி மாட்டிக்க."

அப்படித்தான் தொடங்கியது. முளைகட்டிய பார்லியை வெந்நீரில் ஊறவைத்து வடித்து, காய்ச்சி ஆற்றிய இனிப்புத் தண்ணீரில் ஈஸ்ட்டைப் போட்டு மூடிவிட்டால், பிறகு எல்லாம் ஈஸ்ட்டின் கையில். அது சர்க்கரையைத் தின்னத் தின்ன தண்ணீர் பீராகும். தினமும் காலையில் அக்கா தொட்டியின் சின்னக் குழாயைத் திறந்து ஒரு தம்ளர் பிடிப்பாள். மோந்து பார்த்து, "இது இன்னும் அடங்கல" என்பாள். அல்லது, "இதுக்குப் பசி போயிருச்சு" என்பாள். கடைசியில் ஒரு சோதனை உண்டு. பீர் முடியும் தறுவாயில் அதில் ஒரு வெண்ணெய் வாசனை ஒளிந்திருக்கும். சில நாள் கதகதப்பாக விட்டுவைத்தால் ஈஸ்ட்டே அதையும் தின்று தீர்த்துவிடும். அவசரப்பட்டுத் தொட்டியைக் குளிரவைத்தால் ஈஸ்ட் தூங்கிப்போகும், வெண்ணெய் தங்கிவிடும். அதனால் அக்கா ஒரு தம்ளர் பீரை மூடிபோட்டு வெந்நீரில் நிறுத்துவாள். சூடானதும் மூடியைத் திறந்து மூக்கை வைப்பாள். வெண்ணெய் வராவிட்டால்தான் குளிரவைக்கச் சொல்வாள்.

தம்பி நெடுநாளாக சென்சார் வாங்க வேண்டும் என்று அரித்துக்கொண்டிருந்தான். விரல் தடிமனில் ஒரு பிளாஸ்டிக் குழல். பீருக்குள் மிதக்கும். சர்க்கரை இருக்கும்வரை சாய்ந்து கிடக்கும், குறையக் குறைய நிமிரும். எவ்வளவு நிமிர்ந்திருக்கிறது, எவ்வளவு சூடு என்று ஒயர் இல்லாமலே போனுக்குச் சொல்லிவிடும்.

"குழந்தை மாதிரி தொட்டிலுக்குள்ள போட்டு, அது முழிச்சிருக்கா தூங்குதான்னு போன்ல பாக்கப்போறியா?" என்று அக்கா அவன் வாயை அடைத்துவிடுவாள்.

பிறகு அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. வந்த சுவடு தெரியாமல் போகவும் செய்தது. உடம்பு தேறிக் குளிக்கப் போனவள், சோப்பை எடுத்து மூக்கில் வைத்து அழுத்தினாள். வழவழப்பு தெரிந்தது, குளிர்ச்சி தெரிந்தது. மற்றபடி ஒன்றுமில்லை. டாக்டரிடம் தனியாகப் போனாள். வரலாம், வராமலும் போகலாம் என்றார் அவர்.

மூக்குப் போன மூக்கம்மாவுக்கு அந்தக் கொட்டகையில் என்ன வேலை? தொட்டி கழுவ யாரும் வருவார்கள். ராத்திரி முழுக்க அதையே உருட்டிக்கொண்டிருந்தவள், காலையில் தம்பியிடம் போய், "சென்சார் சென்சார்னு சொன்னியே, வாங்கேன்" என்றாள்.

அவனுக்குத் தலைகால் புரியவில்லை. "நிஜமாவா சொல்ற?"

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

சென்சார்கள் வந்தன. எஃகுச் சுவரைத் தாண்டி சிக்னல் வர மாட்டேனென்று அடம்பிடிக்க, தம்பி ஏணி போட்டு ஏறி, அதை வாங்கிப் போனுக்கு அனுப்பும் பெட்டியைத் தொட்டி மூடிக்குப் பக்கத்திலேயே கயிற்றால் கட்டினான். போனில் கோடு ஓடத் தொடங்கியது. முதல் நாள் சமதரையில் நடப்பது போல. பிறகு மலையிறங்குவது போலச் சரிந்து. கடைசியில் அசையாமல் படுத்துவிடும். அக்கா அதைச் சீக்கிரமே பிடித்துக்கொண்டாள். முதலில் கோட்டைப் பார்ப்பாள். அப்புறம் தம்ளரைச் சுழற்றி, மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடித் திறந்து, கோடு சொன்னதையே சொல்வாள்.

"பாத்தியா, உன் மூக்கும் என் சென்சாரும் ஒரே பேச்சு" என்று தம்பி பூரித்துப்போவான். அவள் சிரித்துவைப்பாள்.

புதிதாகத் திறந்த ஓட்டல் ஒன்று அவர்கள் பீரைக் கேட்டது. கோடு படுத்ததும் அக்கா வெந்நீர் வைத்தாள், தம்ளரை நிறுத்தினாள், மூடியைத் திறந்தாள். ஆவி மூக்கில் பட்டது. "சுத்தமா இருக்கு. குளிர வச்சிரு" என்றாள்.

பாதி பீர் பீப்பாய்களில் ஏறிப் போனது. மறுநாள் மத்தியானம் ஓட்டல் முதலாளி போன் செய்தார். "தம்பி, பாப்கார்னைக் கரைச்சு அனுப்பிட்டீங்களா? ஒரே வெண்ணெய்."

தம்பி வண்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பீப்பாய்களைத் திருப்பி எடுத்துவந்தான். வந்ததும் வராததுமாக ஏணியில் ஏறி, சிக்னல் பெட்டியைக் கட்டிய கயிற்றைக் கத்தியால் அறுக்கத் தொடங்கினான்.

"என்ன பண்ற?"

"கழட்டறேன். பொய் சொல்ற சனியனை எதுக்குக் கட்டி வச்சிருக்கணும்? முடியறதுக்கு முன்னாடியே முடிஞ்சுதுன்னு சொல்லியிருக்கு."

"அது எப்படி…"

"பின்ன? நீ மோந்து பாத்தப்போ சுத்தமாத்தானே இருந்துச்சு. உன் மூக்கு தப்பாது. எல்லாம் என் தப்பு. நீ வேண்டாம் வேண்டாம்னு தலையால அடிச்சுக்கிட்ட. நான்தான் பொம்மைக்கு ஆசைப்பட்டேன்."

அக்கா அண்ணாந்து பார்த்தாள். பேசாமல் இருந்துவிட்டால் போதும். சென்சார் போய்விடும், தம்பி கொஞ்ச நாள் தன்னையே கரித்துக்கொட்டுவான், ஓட்டல்காரரும் மறந்துவிடுவார். கத்தி கயிற்றில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவன் காது மடல் சிவந்திருந்தது.

"அது பொய் சொல்லல. சர்க்கரை தீந்துச்சுன்னுதான் சொல்லுச்சு. வெண்ணெயைப் பத்தி அதுக்கு என்ன தெரியும்? அது என் வேலை. எனக்குத்தான் வாசனையே தெரியல."

கத்தி நின்றது. "ஜலதோஷமா?"

"அந்தக் காய்ச்சலோட போயிருச்சு. திரும்பி வரல."

அவன் ஏணியில் உட்கார்ந்துவிட்டான். எதையோ கணக்குப் போடுவது போல முகம் சுருங்கியது. "அப்ப சென்சார் வாங்கச் சொன்னியே?"

"அதுக்கப்புறம்தான்."

அவன் பீரைப் பற்றியோ ஓட்டலைப் பற்றியோ ஒன்றும் கேட்கவில்லை. "வாழ்க்கையில ஒரு தடவையாவது நான் சொன்னதை ஒத்துக்கிட்டியேன்னு, அன்னிக்கு ஊரெல்லாம் சொன்னேன்க்கா" என்றான். இறங்கி, கத்தியை மேஜையில் வைத்துவிட்டு வெளியே போனான்.

அன்று முழுக்க அவன் முகம் கொடுக்கவில்லை. அக்கா குளிர்விக்கும் மெஷினை நிறுத்தி, தொட்டியில் மீதியிருந்த பீரை மறுபடி கதகதப்புக்குக் கொண்டுவந்தாள். நுரைத்துப் பொங்குகிற இளம் பீர் கொஞ்சம் பக்கத்துத் தொட்டியிலிருந்து எடுத்து அதில் கலந்தாள். பசியுள்ள ஈஸ்ட் போனால் வெண்ணெயைத் தின்றாலும் தின்னும். திரும்பி வந்த பீப்பாய்களைச் சாக்கடையில் கவிழ்த்தாள். இதையெல்லாம் செய்ய மூக்கு வேண்டியிருக்கவில்லை. தின்று முடித்துவிட்டதா என்று தெரிந்துகொள்ளத்தான் வழியில்லை.

சில நாள் கழித்துத் தம்பி தன் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தான். அவளுக்குப் பீரே ஆகாது. கணவன் சட்டையைத் துவைப்பதற்கே முகம் சுளிப்பவள். நடைக்கு வெளியே நின்றாள்.

"இவ மோந்து பாக்கட்டும்" என்றான் தம்பி, தொட்டியைப் பார்த்துக்கொண்டு. "எனக்கு நாத்தமும் வாசனையும் ஒண்ணுதான். குளிர வைக்கறதா வேண்டாமான்னு நீ சொல்லு. இவ சொல்றதக் கேட்டுட்டு நீ சொல்லு."

"சரி" என்றாள் அக்கா. வெந்நீர் வைக்கப் போனாள்.

தம்ளர் வெந்நீரில் சூடானது. தம்பி மனைவி முந்தானையால் அதைப் பிடித்து, விஷம் குடிக்கப் போகிறவள் போலக் குனிந்தாள்.

"ரொட்டி மாதிரி இருக்கு அண்ணி."

"அதுக்கடியில?"

"கொஞ்சம் ஆப்பிள் தோல்."

"இன்னும் அடியில. மிட்டாய், பால், வழவழன்னு ஏதாவது?"

அவள் மறுபடி குனிந்தாள். நேரமாயிற்று. தம்பி போனில் கோட்டைப் பார்ப்பது போல நின்றான். கோடு படுத்து எத்தனையோ நாளாகிவிட்டது.

"ஒண்ணும் இல்லைன்னுதான் தோணுது" என்றாள். "ஆனா இல்லைன்னு சொல்லத்தான் அண்ணி பயமா இருக்கு. நான் சொன்னதை நம்பி நீங்க அனுப்பிருவீங்களே."

தான் பயப்படாமல் சொன்ன நாளை அக்கா நினைத்தாள்.

"அப்ப இன்னிக்கு வேண்டாம். நாளைக்கு வந்து இன்னொரு தடவை பாரு" என்றாள் அவள்.

தம்பி போனைப் பைக்குள் போட்டான். "ஓட்டல்காரர்கிட்ட நான் என்ன சொல்றது?"

"நம்பரைக் கொடு. நானே சொல்றேன்."