கடல் மேலே இருந்த வரைபடம்

பி.ஏ. வரலாற்றில் எல்லாத் தாளும் தேறிவிட்டேன், புவியியல் ஒன்றைத் தவிர. அது தேறினால்தான் பட்டம். பட்டம் இருந்தால்தான் பி.எட். சேர்ந்து சமூக அறிவியல் டீச்சராக முடியும். இல்லையென்றால் கன்டெய்னர் யார்டு கேட்டில் உட்கார்ந்து லாரி நம்பர் எழுதும் வேலை காத்திருந்தது. போயும் போயும் புவியியலில் அரியரா என்று என் மேலேயே எரிச்சல். எங்கள் கடற்கரையை வரையச் சொன்ன கேள்வி அது. திருவொற்றியூர் மீனவக் குப்பத்தில் பிறந்தவளுக்கு லட்டு மாதிரி கேள்வி.

விடைத்தாள் நகலை வாங்கிப் பார்த்தேன். வரைபடத்தின் குறுக்கே சிவப்புக் கோடு, பக்கத்தில் சுழியம். நான் ஓர் ஊர்கூட விடவில்லை. எண்ணூர் இடது பக்கம், காசிமேடு வலது பக்கம், கடல் தாளின் மேலே. நியாயம் கேட்கலாம் என்று கல்லூரிக்குப் போனேன். புவியியல் மேடம் தாளைப் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தார்.

“எல்லாம் சரியாதான் இருக்கு. ஆனா வடக்கு எதுன்னு நீ எங்கயும் போடலையே. திருத்துறவங்களுக்கு எப்படித் தெரியும்?”

அப்போதுதான் உறைத்தது. எங்கே வலை விட்டேன் என்று சொல்லும்போது அப்பா சாக்பீஸால் தரையில் கோடு போடுவார். கரையில் நின்று பார்க்கிறவர் போடும் கோடு. கடல் எப்போதும் எதிரே இருக்கும். பரீட்சை அவசரத்தில் என் கை அதையே வரைந்திருக்கிறது. அவமானமாக இருந்தது, கொஞ்சம் சிரிப்பும் வந்தது.

அன்றிலிருந்து தினம் ஒரு வரைபடம். முதலில் வடக்கு அம்பு, பிறகுதான் கரை. வலையைச் சரிசெய்துகொண்டிருந்த அப்பா ஒருநாள் எட்டிப் பார்த்தார்.

“இன்னாமா, கடல ஓரமா தள்ளி வெச்சிகீறே?”

“வடக்குதான் மேல வரணும்பா. புஸ்தகத்துல அப்பிடித்தான் கீது.”

“அப்ப நா போடறது தப்பா?”

“அது தப்பு இல்லப்பா. அம்பு போடாததுதான் தப்பு.”

அவர் மறுபடி வலையில் குனிந்துகொண்டார். மனசு நொந்துவிட்டதோ என்று எனக்கு நாள் முழுக்க உறுத்தியது.

மறுதேர்வில் இந்தியத் துறைமுகங்களைக் கேட்டார்கள். அம்பைப் போட்டுவிட்டுத்தான் மூச்சு விட்டேன். முடிவு வந்த காலையில் ‘தேர்ச்சி’ என்ற சொல்லை மூன்று முறை படித்தேன். பிறகு அழுதேன், சொல்ல எனக்கு வெட்கமில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு பி.எட். விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்தேன்.

கடலிலிருந்து திரும்பிய அப்பாவிடம் சொன்னேன். சாக்பீஸை எடுத்துக் குந்தி உட்கார்ந்தார். வழக்கம்போலக் கடலை எதிரே வைத்துக் கரையைப் போட்டார். எண்ணூர், காசிமேடு, நடுவே எங்கள் குப்பம். கடைசியாக, வடக்கே எண்ணூர் பக்கம் காட்டி ஓர் அம்பு.

“டீச்சர், இப்ப மார்க்கு போடுவியா?” என்றார்.

சாக்பீஸை வாங்கி, கடலுக்கு நடுவே பத்துக்குப் பத்து என்று எழுதினேன்.